சொல்லாமல் விட்ட சொல்: மும்மொழி இலக்கணத்தில் பதிலியும் விடுகையும்

பேசுவோரும் எழுதுவோரும் தாம் கருதியதனைத்தையும் சொற்களாக்குவதில்லை. சிலவற்றிற்குப் பதிலாக வேறொரு சிறு சொல்லை வைப்பர். சிலவற்றை அறவே விட்டுவிடுவர். முன்னதைப் 'பதிலி' என்றும் பின்னதை 'விடுகை' என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். இவ்விரண்டும் ஆங்கில இலக்கண நூல்களில் தனித்தனி இயல்களாக விளக்கப்பெறுபவை. நம் தமிழிலக்கணத்தில் தொகை, எச்சம், ஆகுபெயர் என்னும் பெயர்களிலும், அரபு இலக்கணத்தில் 'ஹத்ஃப்', 'தக்தீர்' என்னும் பெயர்களிலும் இவை நெடுங்காலமாக ஆராயப்பட்டுள்ளன. தமிழைத் தாய்மொழியாகவும், அரபியை மார்க்க மொழியாகவும், ஆங்கிலத்தைக் கல்வி மொழியாகவும் கொண்டு வாழ்கின்ற நாம் இம்மூன்றையும் ஒருசேர நோக்குவது பயனுடையது. ஏனெனில், விடப்பட்ட சொல்லை எவ்வாறு மீட்பது என்னும் வினா, தேர்வுத் தாளோடு நின்றுவிடுவதன்று. மார்க்கச் சட்டம் வரையிலும், திருமறை மொழிபெயர்ப்பு வரையிலும் செல்வது.

ஓர் ஊர்ப்பெயர் காட்டும் உண்மை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் அமைந்த வாலாஜாபாத்தின் பெயரையே முதற் சான்றாகக் கொள்வோம். ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீ கானுக்கு (1717-1795) முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷாஹ் ஆலம் வழங்கிய பட்டம் 'வாலாஜாஹ்'. பாரசீக மொழியில் 'வாலா' என்பது உயர்ந்தது. 'ஜாஹ்' என்பது மதிப்பு அல்லது பதவி. உயர்ந்த மதிப்புடையவர் என்னும் பொருள்தரும் அப்பட்டம் நாளடைவில் நவாபின் இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அமர்ந்துகொண்டது. குடியிருப்பைக் குறிக்கும் 'ஆபாத்' அதனோடு சேர, ஊர்ப்பெயர் பிறந்தது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கும் இது பதிலியின் இயல்பு.

அதே பட்டத்தைத் தாங்கிய வாலாஜாபேட்டை ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது. சென்னையில் வாலாஜா சாலையும், திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசலும் உள்ளன. திருவல்லிக்கேணியில் ஒருவர் 'வாலாஜாவில் ஜும்ஆ தொழுதேன்' என்றால் பள்ளிவாசல் என்று கேட்பவர் உணர்ந்துகொள்கிறார். ராணிப்பேட்டைப் பேருந்தில் 'வாலாஜாவுக்கு ஒரு டிக்கெட்' என்றால் நடத்துநர் மறுகேள்வி கேட்பதில்லை. விடப்பட்ட பகுதியை இடமும் சூழலும் நிரப்புகின்றன. இது விடுகையின் இயல்பு. நிரப்புவதற்குச் சான்று இருக்கும் வரையில் விடுவதால் இழப்பில்லை. சான்று இல்லாத இடத்தில் விட்டால் பொருள் மயங்கும். பின்வரும் செய்திகள் அனைத்திற்கும் இதுவே அடிப்படை.

ஆங்கிலம் வகுத்த வரையறை

ஆங்கிலத்தில் இத்துறைக்கு அடித்தளமிட்ட நூல் 1976ஆம் ஆண்டு வெளிவந்த 'கொஹீஷன் இன் இங்லிஷ்' ஆகும். அதன் ஆசிரியர் இருவர். ஒருவர் இங்கிலாந்தில் பிறந்த மைக்கேல் ஹாலிடே (1925-2018). மற்றவர் ருகையா ஹஸன் (1931-2015). உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கரில் பிறந்து, அலகாபாத்திலும் லாகூரிலும் பயின்று, எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்று, ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாகத் திகழ்ந்த அவ்வம்மையாரின் பெயர் நம்மவரிடையே போதிய அளவு அறியப்படாதிருப்பது வருந்தத்தக்கது.

வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவற்றால் பிணைக்கப்படுகின்றன என்று ஆராய்ந்த அந்நூல், ஐந்து பிணைப்புகளை எடுத்துக்காட்டிற்று. அவற்றுள் இரண்டு பதிலியும் விடுகையும் ஆகும். பதிலி மூவகைப்படும் என்றனர்: பெயருக்குப் பதிலி, வினைக்குப் பதிலி, முழுத் தொடருக்குப் பதிலி. 'என் பேனா பழையது. புதிய ஒன் வாங்க வேண்டும்' என்ற அமைப்பில் வரும் 'ஒன்' பெயர்ப் பதிலி. 'நீ வந்தாயா?' என்பதற்கு 'யெஸ், ஐ டிட்' என்று விடையிறுக்கும்போது வரும் 'டிட்' வினைப் பதிலி. 'மழை வருமா?' என்பதற்கு 'ஐ திங்க் ஸோ' என்னும்போது வரும் 'ஸோ' ஒரு முழுத் தொடரின் இடத்தில் நிற்கிறது. விடுகையைப் பற்றி அவர்கள் கூறியது சுருக்கமும் செறிவும் உடையது: விடுகை என்பது பதிலியாகச் சுழியத்தை வைப்பதே.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. 'அவன்', 'அது' போன்ற சுட்டுப் பெயர்கள் பொருளைச் சுட்டுகின்றன. பதிலியோ சொல்லின் இடத்தை நிரப்புகிறது. 'பேனா தொலைந்தது, அதைத் தேடுகிறேன்' என்னும்போது தொலைந்த அதே பேனாவே கருதப்படுகிறது. 'புதிய ஒன்' என்னும்போது பேனா என்னும் சொல் மட்டுமே மீள்கிறது. பொருள் வேறொரு பேனா. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் ஆங்கிலத்தில் 'இட்' வருமிடமும் 'ஒன்' வருமிடமும் மயங்கா.

தமிழ் விடுகின்ற முறை

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு எச்சவியல் என்றே பெயர். பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை என எச்சங்களைப் பத்தாக அது வகுக்கிறது. 'நான் கேட்டேன்' என்று ஒருவர் 'நான்' என்னும் சொல்லை அழுத்திக் கூறினால், பிறர் கேட்கவில்லை என்பது எஞ்சி நிற்கிறது. 'அவரும் வந்தார்' என்றால் வேறொருவர் வந்தமை எஞ்சி நிற்கிறது. எழுத்தில் இல்லாததையும் இலக்கணத்தின் எல்லைக்குள் கொண்டுவந்த பெருமை அந்நூலுக்கு உண்டு.

தொகைகளோ இன்னும் விரிந்தவை. நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சிப் பகுதியில் நாள்தோறும் வழங்கும் 'பட்டுச்சேலை' என்னும் சொல்லைக் காண்க. அதன் விரி 'பட்டால் நெய்த சேலை' என்பது. 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபும் 'நெய்த' என்னும் பயனும் ஒருங்கே மறைந்துள்ளமையால் இதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பர். நெய்தல் என்னும் தொழிலே சொல்லில் மறைந்துவிட்டது. நெய்தவர் விரியிலும் வருவதில்லை. 'காஞ்சிபுரம் பட்டு' என்பதில் மறைந்துள்ளது இன்னும் மிகுதி: காஞ்சிபுரத்தில் நெய்யப்பெற்ற பட்டுச்சேலை. எங்கோ விசைத்தறியில் நெய்ததும் இதே பெயரால் விற்கப்படும்போது, வாங்குபவர் தாமாக நிரப்பிக்கொள்ளும் சொல் பொய்யாகிறது. காஞ்சிபுரம் பட்டிற்கு 2005-2006இல் கிடைத்த புவிசார் குறியீடு, மறைந்து நிற்கும் அச்சொல்லைச் சட்டத்தால் உறுதிசெய்யும் முயற்சியென்றே கூறலாம். விடுபட்ட சொல்லில் ஒரு நெசவாளரின் பிழைப்பு அடங்கியிருக்கிறது.

தமிழுக்கு உரிய மற்றொரு போக்கு வினையைக் கடைசியில் வைத்தல். 'அண்ணன் சென்னைக்கும் தம்பி வேலூருக்கும் சென்றனர்' என்று நாம் கூறுகிறோம். முன் வந்த அண்ணனுக்குரிய வினை விடப்பட்டு, இறுதியில் வந்த வினையே இருவருக்கும் பொருந்துகிறது. ஆங்கிலத்திலும் அரபியிலும் வினை முதலிடத்திலேயே வந்துவிடும். பின்வரும் தொடரில் விடப்படும். அவர்கள் முன்னதை நினைவில் வைத்துப் பின்னதை நிரப்புகின்றனர். நாம் பின்னது வரும் வரை காத்திருந்து முன்னதை நிரப்புகிறோம். ஓரிடத்தில் நின்ற சொல் பலவிடத்தும் சென்று பொருள் தருவதைத் தண்டியலங்காரம் தீவக அணி என்கிறது. ஓரிடத்தில் வைத்த விளக்கு அறை முழுவதும் ஒளி தருவதைப் போன்றது என்பது அப்பெயரின் கருத்து.

மாணவர் இடறும் இடம்

நம் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதும்போது நேரும் பிழைகள் பல இவ்வேறுபாட்டால் விளைபவை. 'சாப்பிட்டீர்களா?' என்னும் வினாவிற்குத் தமிழில் 'சாப்பிட்டேன்' என்று வினையைத் திரும்பக் கூறுவதே இயல்பு. தமிழ் வினைமுற்றிலேயே 'நான்' என்பது அடங்கியிருப்பதால் எழுவாயை விட்டுவிடலாம். ஆங்கிலம் இதற்கு நேர்மாறானது. அங்கு எழுவாய் இருந்தே ஆக வேண்டும்; வினையை விட்டு அதன் துணைவினையை மட்டும் நிறுத்துவர். நாம் விடுவதை அவர்கள் விடுவதில்லை. அவர்கள் விடுவதை நாம் விடுவதில்லை.

பெயரடைகளிலும் இதுவே நிலை. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதைக் கூறும் ஸபஃ அத்தியாயத்தில் (34:11), அவர்கள் செய்யுமாறு பணிக்கப்பட்டவை 'ஸாபிகாத்' என்னும் பெயரடையால் மட்டுமே குறிக்கப்படுகின்றன. முழு அளவில் நீண்டவை என்பது அதன் பொருள். கவசங்கள் என்னும் பெயர் அங்கு இல்லை. அரபியில் பெயரடை தனித்தே பெயரின் இடத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் அவ்வாறு நிற்க இயலாது. 'லாங் ஒன்ஸ்' என்று பதிலி வைக்க வேண்டும். தமிழிலோ 'நீண்டவை' என்று ஈறு ஒன்றே போதும். ஒரே பொருளை அரபி வெறுமையாலும், ஆங்கிலம் பதிலியாலும், தமிழ் விகுதியாலும் உணர்த்துகின்றன. இம்மூன்றையும் அருகருகே வைத்துக் காட்டும் ஆசிரியர், மனனம் செய்ய வேண்டிய விதிகளைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

அரபு இலக்கணமும் 'தலீல்' என்னும் நிபந்தனையும்

அரபு இலக்கண மேதைகள் விடுகையை 'ஹத்ஃப்' என்றும், விடப்பட்டதை உய்த்துணர்ந்து மீட்பதைத் 'தக்தீர்' என்றும் வழங்கினர். இப்னு ஜின்னீ (மறைவு ஹி. 392 / கி.பி. 1002) தமது 'அல் கஸாயிஸ்' நூலில் ஹத்ஃபை 'அரபியின் துணிவு' என்னும் தலைப்பின்கீழ் விளக்கினார். அப்துல் காஹிர் ஜுர்ஜானீ (மறைவு ஹி. 471 / கி.பி. 1078), சில இடங்களில் கூறுவதைவிடக் கூறாமையே பொருளை நிறைவாக உணர்த்தும் என்று நிறுவினார்.

எனினும், துணிவுக்கு எல்லை வேண்டும். இப்னு ஹிஷாம் (மறைவு ஹி. 761 / கி.பி. 1360) தமது 'முக்னில் லபீப்' நூலில் ஹத்ஃபுக்கு எட்டு நிபந்தனைகளை விதித்தார். முதலாவது, விடப்பட்டதைக் காட்டும் 'தலீல்', அதாவது சான்று இருத்தல். அச்சான்று சூழலில் இருக்கலாம், அல்லது சொல்லில் இருக்கலாம் என்று அவர் பகுத்தார். பனுவலுக்குள் இருந்து மீட்பதென்றும் சூழலிலிருந்து மீட்பதென்றும் ஹாலிடேயும் ருகையா ஹஸனும் 20ஆம் நூற்றாண்டில் செய்த பாகுபாட்டோடு இது பெரிதும் ஒத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. குர்துபாவைச் சேர்ந்த இப்னு மழா (மறைவு ஹி. 592 / கி.பி. 1196) இலக்கணவாணர்களை மறுத்தே ஒரு நூல் எழுதினார். பொருளுக்குத் தேவையில்லாத இடங்களிலும் விதியைக் காப்பதற்காக மறைசொற்களைக் கற்பிப்பது தகாது என்றும், இறைவேதத்தில் சான்றின்றி ஒரு சொல்லைக் கூட்டுவது குற்றம் என்றும் அவர் வாதிட்டார். அவரது வாதம் முழுவதையும் அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆயினும் அவ்வெச்சரிக்கை இன்றும் மதிக்கத்தக்கது.

ஊரைக் கேட்டல்: பதிலியா, விடுகையா?

யூஸுஃப் அத்தியாயத்தின் 82ஆம் வசனத்தில், சகோதரர்கள் தம் தந்தையிடம், தாங்கள் தங்கியிருந்த ஊரை விசாரித்துக்கொள்ளுமாறு கூறுகின்றனர். விசாரிக்க வேண்டியது ஊரார். சொல்லில் உள்ளது ஊர். இலக்கண முதல்வர் ஸீபவைஹி (மறைவு ஏறத்தாழ ஹி. 180 / கி.பி. 796) இதனைச் சொல்லின் விரிவழக்கிற்கும் சுருக்கத்திற்கும் சான்றாகக் காட்டினார். 'அஹ்ல்', அதாவது மக்கள் என்னும் சொல் விடப்பட்டது என்பது பலரது முடிவு. இப்னு தைமிய்யா (ரஹ்) போன்றோர், 'கர்யா' என்னும் சொல்லே இடத்தையும் அங்கு வாழ்வோரையும் சேர்த்துக் குறிப்பதாகும், ஆகவே விடப்பட்டது எதுவுமில்லை என்றனர்.

தமிழ் மாணவர் ஒருவர் இதனைக் கேட்டால் வியப்படையார். 'ஊர் சிரித்தது' என்பதை இடவாகுபெயர் என்று அவர் பள்ளியிலேயே கற்றிருக்கிறார். நம் இலக்கணம் அங்கே சொல் விடுபட்டதாகக் கொள்வதில்லை. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றிற்கு ஆகிவந்தது என்கிறது. ஒரே வழக்கை ஒரு மரபு விடுகையாகவும் மற்றொரு மரபு பதிலியாகவும் காண்கிறது. ஆகவே இவ்வசனத்தைத் தமிழாக்குவோர் 'ஊர்மக்களை' என்று விரிக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. 'ஊரை' என்று விட்டாலும் தமிழ்ச் செவி பிழையின்றி உணரும்.

ஒரு சொல், இரு சட்டங்கள்

மேற்கூறிய சான்றில் எச்சொல்லை மீட்டாலும் முடிவு மாறுவதில்லை. மாறுகின்ற இடங்களும் உண்டு. அல்பகரா அத்தியாயத்தின் 184ஆம் வசனம், நோயுற்றோரும் பயணத்திலிருப்போரும் வேறு நாட்களில் அவ்வெண்ணிக்கையை நிறைவுசெய்வது பற்றிக் கூறுகிறது. பெரும்பான்மை அறிஞர்கள் அங்கே 'நோன்பை விட்டிருந்தால்' என்னும் தொடர் மறைந்துள்ளதாகக் கொண்டனர். ஆகவே பயணி விரும்பினால் நோன்பு நோற்கலாம். விட்டால் பின்னர் நிறைவேற்ற வேண்டும். வெளிப்படைச் சொல்லையே பற்றி நின்ற இப்னு ஹஸ்ம் (மறைவு ஹி. 456 / கி.பி. 1064) அத்தொடரைக் கூட்ட மறுத்தார். எனவே ரமழானில் பயணத்திலிருப்பவர் நோற்கும் நோன்பு செல்லாது என்பது அவர் முடிவாயிற்று. பெரும்பான்மையினருக்குச் சான்றாக அமைந்தது, நபித்தோழர்கள் பயணத்தில் சிலர் நோன்பிருந்தும் சிலர் விட்டும் ஒருவரையொருவர் குறைகூறாதிருந்தனர் என்னும் ஆதாரபூர்வமான அறிவிப்பு. அவர்கள் சொல்லை மீட்டது ஊகத்தாலன்று, தலீலால்.

ஸஹீஹுல் புகாரியின் முதல் நபிமொழி செயல்களை எண்ணங்களோடு பிணைக்கிறது. செயல்களின் எது எண்ணத்தைச் சார்ந்தது? செல்லுபடியாகும் தன்மையா, நற்கூலியா? ஷாஃபிஈ அறிஞர்கள் முன்னதையும் ஹனஃபீ அறிஞர்கள் பின்னதையும் மறைசொல்லாகக் கொண்டனர். உளூவில் நிய்யத் ஷாஃபிஈ மத்ஹபில் கட்டாயக் கடமையாகவும் ஹனஃபீ மத்ஹபில் சுன்னத்தாகவும் அமைந்ததற்கு இது ஒரு காரணம். தமிழகத்தின் கடற்கரையூர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டூர்களில் ஹனஃபிகளும் மிகுதியாக வாழ்கின்றனர். ஒரே ஹவ்ளில் அருகருகே அமர்ந்து உளூ செய்யும் இருவரைப் பிரித்துக் காட்டுவது, இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு நபிமொழியில் சொல்லப்படாத ஒரு சொல். இதனை உணர்ந்தவர் மற்றவரை நபிமொழியை மறுப்பவர் என்று கூறத் துணியார்.

உஸூலுல் ஃபிக்ஹ் நூல்கள் இத்தகைய உய்த்துணர்வை 'இக்திழா' என்னும் தலைப்பில் ஆராய்கின்றன. வாலாஜாஹ் நவாப் ஆதரித்த அறிஞர்களுள் தலைசிறந்தவரும், லக்னோ ஃபரங்கி மஹல் மரபினருமான பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) (மறைவு ஹி. 1225 / கி.பி. 1810), 'முஸல்லமுஸ் ஸுபூத்' என்னும் உஸூல் நூலுக்கு 'ஃபவாதிஹுர் ரஹமூத்' என்னும் விரிவுரை இயற்றியவர். சென்னையில் போதித்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்திலேயே அடங்கியுள்ளார். சொல்லாததை மீட்கும் கலை நம் மண்ணுக்குத் தொலைவானதன்று.

அடைப்புக்குறியின் பொறுப்பு

திருமறையின் தமிழாக்கங்களில் அடைப்புக்குறிகள் நிறைந்திருப்பதை வாசகர் அறிவர். அவை தக்தீரின் தமிழ் வடிவமே. மூலத்தில் இல்லாததை இல்லாதது என்று காட்டுவதால் அவை நேர்மையானவை. ஆனால் அடைப்புக்குறிக்குள் இருப்பது மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த ஒரு கருத்து என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். உரக்க வாசிக்கும்போது குறிகள் ஒலிப்பதில்லை. மேடையில் மேற்கோளாக்கும்போது அவை உதிர்ந்துவிடுகின்றன. உரையாசிரியரின் சொல் இறைவாக்காகக் கேட்கப்படுகிறது.

'பிஸ்மில்லாஹ்' என்னும் திருச்சொல்லை நோக்குவோம். அல்லாஹ்வின் பெயரைக் கொண்டு என்பதோடு அது நின்றுவிடுகிறது, வினை இல்லை. பஸ்ராப் பள்ளியினர் அங்கே 'என் தொடக்கம்' என்னும் பெயரையும், கூஃபாப் பள்ளியினர் 'தொடங்குகிறேன்' என்னும் வினையையும் மறைசொல்லாகக் கொண்டனர். ஸமக்‌ஷரீ (மறைவு ஹி. 538 / கி.பி. 1144) வேறொரு வழியைக் காட்டினார்: எவர் எச்செயலைத் தொடங்குகிறாரோ அச்செயலே அங்கு மறைந்துள்ள வினை, அதுவும் இறைநாமத்திற்குப் பின்னரே வரும். ஓதுபவருக்கு 'ஓதுகிறேன்', உண்பவருக்கு 'உண்கிறேன்', பயணிக்குப் 'புறப்படுகிறேன்', தறியில் அமரும் நெசவாளருக்கு 'நெய்கிறேன்'. எல்லாச் செயல்களையும் ஏற்கும் அவ்விடத்தில் நாம் ஒரு வினையை எழுதிவிட்டால், எஞ்சிய வினைகளுக்கு இடமில்லாமற் போகிறது. மக்கள் மூலச் சொல்லையே நாவில் வைத்திருப்பதால் இவ்விழப்பு உணரப்படுவதில்லை.

ஆகவே மொழிபெயர்ப்போரும் வாசிப்போரும் கருத வேண்டியவை மூன்று. தமிழ் தன் இயல்பால் தாங்கிக்கொள்ளும் விடுகையைத் தமிழிலும் விட்டுவிடலாம். ஆங்கிலப் பெயர்ப்பைப் பின்பற்றி அது வைத்த பதிலிகளையெல்லாம் நிரப்ப வேண்டியதில்லை. பொருள் மயங்கும் இடத்தில் நிரப்பலாம். ஆனால் எந்தத் தலீலைக் கொண்டு நிரப்பினோம் என்பதைக் குறிப்பில் கூற வேண்டும். அறிஞர்கள் வேறுபட்ட இடத்தில் ஒரு சொல்லை மட்டும் நிரப்பி மற்றதை மறைத்தல் கூடாது. இறைவன் சொல்லாது விட்டதும் மறதியால் விட்டதன்று. அவ்வெற்றிடத்தில் நாம் வைக்கும் சொல்லுக்குப் பொறுப்பு நம்முடையது.